நெகாராகூவுக்கு ஒன்று, தோடிக்கு ஒன்று: இரண்டு கிளாரினெட் மவுத்பீஸ்கள்

கிளாரினெட் வாசிக்கத் தொடங்கி ஓராண்டு ஆன மாணவர் "தொனி சரியில்லை" என்று குறைப்பட்டால், மூத்த மாணவர்களும் ஆசிரியர்களும் கடைக்காரரும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: மவுத்பீஸை மாற்று. யோசனையில் தவறில்லை. வாசிப்பவரின் வாய்க்கும் குழலுக்கும் நடுவே நிற்பது ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டுதான். நாணல் நாக்கான ரீடு அதன்மேல்தான் அதிர்கிறது. மூச்சு ஒலியாவது அங்கேதான். ஆனால் எதை விட்டு எதற்கு மாறுவது, மாறினால் என்ன வரும், என்ன போகும் என்பதற்கு அந்த யோசனையில் பதில் இல்லை.

ஈப்போவின் சிலிபின் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. ஜாலான் சிலிபினில் தமிழ்க் கத்தோலிக்கர்கள் தலைமுறை தலைமுறையாக வழிபட்டுவரும் லூர்து மாதா ஆலயம் இருக்கிறது. சற்றுத் தள்ளினால் புந்தோங். தைப்பூசத்தன்று அங்கிருந்து குனோங் சீரோ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடிகள் போகும். கோயிலில் நாகஸ்வரமும் தவிலும், ஊர்வலத்தில் உறுமி மேளமும் கேட்கும். பள்ளிக்கூடத்திலோ சபைகூடலில் மாணவர் வாத்தியக்குழு தேசிய கீதமான நெகாராகூவை இசைக்கும். இங்கே கிளாரினெட் கற்கும் தமிழ்ப் பிள்ளையின் காதில் இரண்டு இலட்சியத் தொனிகள் சேர்ந்தே வளர்கின்றன. ஒன்றில் இருபது பேர் ஒருவரைப்போல ஒலிக்க வேண்டும். மற்றதில் ஒருவர் வேறு யாரைப்போலவும் ஒலிக்கக் கூடாது. ஒரே கிளாரினெட்டால் இரண்டையும் செய்யப் பார்ப்பவர் எந்த மவுத்பீஸைத் தேர்வது?

ஒப்பிடுவதற்கு இரண்டை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று யமாஹா 4சி. அந்த நிறுவனத்தின் மாணவர் வகைக் கிளாரினெட்டோடு பெட்டியிலேயே வருவது. பள்ளிக் குழுக்களில் பெரும்பாலோர் முதலில் வாயில் வைப்பது. மற்றது வாண்டோரன் பி45. 1905-இல் பாரிசில் தொடங்கிய வாண்டோரன் நிறுவனத்தின் மவுத்பீஸ்களில் உலகெங்கும் பரவியவற்றுள் ஒன்று. 'அடுத்த நிலைக்குப் போ' என்று சொல்கிறவர்கள் அடிக்கடி கைகாட்டுவது. இரண்டையும் உடல், ரீடு, சுருதி ஆகியவற்றால் மட்டும் ஒப்பிட்டால் போதாது. நெகாராகூவையும் தோடி ராகத்தையும் வாசிக்கவைத்துப் பார்க்க வேண்டும்.

முனையில் ஒரு தாள் தடிமன்

மவுத்பீஸின் முனைக்கும் ரீடின் முனைக்கும் இடையே உள்ள திறப்புதான் முதல் வேறுபாடு. 4சி-யில் அது 1.05 மில்லிமீட்டர், பி45-இல் 1.195 மில்லிமீட்டர். இடைப்பட்டது 0.145 மில்லிமீட்டர், பள்ளி நோட்டுத்தாள் ஒன்றரையின் தடிமன் அளவு. கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உதட்டுக்கு மட்டும் அது பெரிய தூரம்.

காரணம் கிளாரினெட் இயங்கும் விதம். ரீடு ஒரு கதவு. மூச்சின் அழுத்தம் அதை முனையை நோக்கித் தள்ளுகிறது, குழலுக்குள் ஓடித் திரும்பும் அலை அதை மறுபடி திறக்கிறது. திறப்பு குறுகலாக இருந்தால் சிறு அழுத்தத்திலேயே கதவு ஆடத் தொடங்கும். ஒலி எளிதில் பிறக்கும். மெல்ல ஊதினாலும் சுரம் பிடித்துக்கொள்ளும். திறப்பு அகலமானால் ரீடு அதிகத் தூரம் போய்வர வேண்டும். அதற்கு மூச்சும் கூடுதலாக வேண்டும், கீழுதட்டின் தாங்கலும் வேண்டும். பதிலுக்கு, அந்தக் கூடுதல் தூரத்துக்குள் உதட்டால் ரீடைப் பல நிலைகளில் நிறுத்த முடியும். ஒலியின் அளவு, நிறம், சுருதி மூன்றிலும் வாசிப்பவரின் கை ஓங்குவது இங்கேதான்.

இரண்டாவது அளவு, ரீடு மவுத்பீஸை விட்டு விலகத் தொடங்கும் இடத்திலிருந்து முனைவரை உள்ள வளைவின் நீளம். 4சி-யில் அது 19 மில்லிமீட்டர். பி45-ஐ நடுத்தர நீள வகை என்று அதன் நிறுவனம் குறிக்கிறது. வாசிப்பவருக்கு இது எதற்கு என்றால், கீழுதடு எங்கே உட்கார வேண்டும் என்பதை அந்த இடமே சொல்கிறது. ரீடைக் கட்டிய பிறகு மெல்லிய தாள் துண்டு ஒன்றை ரீடுக்கும் மவுத்பீஸுக்கும் நடுவே பக்கவாட்டில் மெல்லச் செருகிப் பார்க்கலாம். அது போய் நிற்கும் இடத்தில் பென்சிலால் சிறு கோடு போட்டால், கீழுதட்டின் இடம் அதுதான். மவுத்பீஸ் மாற்றிய பலரும் பழைய இடத்திலேயே உதட்டை வைத்துவிட்டுப் புதியதைக் குறை சொல்கிறார்கள். வளைவு மாறினால் உதடும் இடம் மாற வேண்டும்.

ரப்பர் தோட்டத்துப் பால்

4சி பீனால் பிசினில் வார்க்கப்பட்டது. பி45 எபோனைட்டில் கடைந்தது. எபோனைட் என்பது இயற்கை ரப்பரில் கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூடாக்கி இறுக வைத்த பொருள். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவானது. பேராக்கில் இதைச் சொல்லாமல் போக முடியாது. 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட ரப்பர் கன்றுகளில் தொடங்கிய கதை, சுங்கை சிப்புட் முதல் பத்து காஜா வரை தோட்டங்களாகப் பரவியது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும் பகுதி தமிழர்கள். அவர்கள் வாளியில் சேர்த்த பாலின் இன்னொரு வடிவம்தான் அவர்களின் பேரப்பிள்ளைகள் வாயில் வைக்கும் அந்தக் கறுப்புத் துண்டு.

ஆனால் எபோனைட் என்பதாலேயே தொனி 'மரத்தன்மை' பெறும் என்பதை அப்படியே நம்ப வேண்டாம். மவுத்பீஸின் ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் உள்வடிவம்: ரீடுக்கு எதிரே உள்ள மேல்சரிவு எவ்வளவு குழிந்திருக்கிறது, உள்ளறை எவ்வளவு கொள்ளும், ரீடு படியும் இரு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பவை. எபோனைட்டின் சிறப்பு, அதைத் துல்லியமாகக் கடையலாம் என்பது. வார்ப்பு பிசினின் சிறப்பு, மலிவாக ஒரே அச்சில் ஆயிரம் துண்டுகள் கிடைக்கும் என்பது. 4சி-க்கு அந்த ஒரே சீர்மை பெரிய பலம்: ஒரு குழுவில் பத்துப் பேரும் 4சி வைத்திருந்தால் பத்துப் பேரின் தொனியும் நெருங்கி நிற்கும்.

பராமரிப்பிலும் வேறுபாடு உண்டு. எபோனைட் வெயிலிலும் கொதிநீரிலும் பச்சை கலந்த பழுப்பாக நிறம் மாறும், கந்தக வாடை வீசும், சூடு அதிகமானால் வளைந்தும் போகும். நண்பகலில் காருக்குள் விட்டுச்செல்லக் கூடாத பொருள் அது. வெதுவெதுப்புக்கும் குறைந்த நீரில் கழுவி, துணியால் ஒற்றி, நிழலில் வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். பீனால் பிசின் இவ்வளவு நாசூக்குப் பார்க்காது. பள்ளிப் பையில் புத்தகங்களோடு போய்வரும் வாத்தியத்துக்கு அதுவும் ஒரு தகுதிதான்.

ரீடு இல்லாமல் மவுத்பீஸ் பேச்சு இல்லை

மவுத்பீஸை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய ரீடையே கட்டினால் ஒப்பீடு பொய்யாகிவிடும். குறுகிய திறப்புக்குக் கொஞ்சம் விறைப்பான ரீடும், அகலத் திறப்புக்குக் கொஞ்சம் மெல்லியதும் பொருந்தும் என்பது பொது விதி. 4சி-யில் 2 எண் ரீடோடு தொடங்கும் மாணவருக்குச் சில மாதங்களில் ஒரு சங்கடம் வரும்: பலமாக ஊதினால் ஒலி பெருகுவதற்குப் பதிலாக அடைத்துக்கொள்ளும். மெல்லிய ரீடு குறுகிய வாயில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்போது மாற்ற வேண்டியது மவுத்பீஸை அல்ல, ரீடை. 2½-க்கோ 3-க்கோ போனால் பாதிப் பேருக்கு அந்தக் குறை தீர்ந்துவிடும், செலவும் மிச்சம்.

பி45-இல் நேர்மாறான தவறு நடக்கும். 4சி-யில் 3 எண் ரீடு வாசித்தவர் அதே ரீடைப் பி45-இல் கட்டினால் காற்று சீறும், தொனியில் மூச்சிரைப்பு கலக்கும், பத்து நிமிடத்தில் தாடை வலிக்கும். "இது எனக்கு ஒத்துவராது" என்று கழற்றி வைத்துவிடுவார். அரை எண் இறங்கிப் பார்த்திருந்தால் கதை வேறாக இருக்கும். எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும்; ஒரு பெட்டியின் 2½ இன்னொரு பெட்டியின் 3-க்கு அருகில் இருக்கலாம்.

ஈப்போவின் ஈரப்பதமும் ரீடுக்கு ஒரு சோதனை. வாசித்த ரீடை மவுத்பீஸிலேயே விட்டுவைத்தால் அது காய்வதே இல்லை. பூஞ்சை பூக்கும், முனை அலைபோல் நெளியும். மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றி வாசித்து, ஒவ்வொன்றையும் துடைத்துத் தட்டையான உறையில் வைப்பவருக்குத் தொனி நிலைத்து நிற்கும். இந்தப் பழக்கம் இல்லாதவர் எந்த மவுத்பீஸ் வாங்கினாலும் அடுத்த வாரமே தொனி மாறிவிட்டது என்பார்.

முதல் சோதனை: நெகாராகூ

1957-இல் தேசிய கீதமான நெகாராகூவின் மெட்டு பேராக் மாநில கீதத்தினுடையது. இந்த மாநிலத்துப் பிள்ளைகள் தேசிய கீதத்திலும் மாநில கீதத்திலும் அந்த மெட்டையே கேட்டு வளர்கிறார்கள். வாத்தியக்குழுவின் கிளாரினெட் வரிசைக்கு இதைவிடக் கடுமையான தேர்வு கிடையாது. சுரங்கள் எளியவை, நடை நிதானமானது. அதனாலேயே ஒளிந்துகொள்ள இடமில்லை. எல்லாரும் ஒரே நொடியில் தொடங்க வேண்டும். நீண்ட சுரத்தின் நடுவில் சுருதி அசையக் கூடாது. ஒலி ஏறும்போதும் தணியும்போதும் சுருதி அப்படியே நிற்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னதுதான் கிளாரினெட்டுக்குக் கஷ்டமானது. பலமாக ஊதினால் அதன் சுருதி இறங்கும், மெல்ல ஊதினால் ஏறும். புல்லாங்குழலில் இது தலைகீழ். குழுவில் இரண்டும் அருகருகே உட்கார்ந்து வாசிக்கும்போது ஒன்று மேலும் மற்றது கீழுமாக விலகும். 4சி இந்த விலகலைக் கட்டுக்குள் வைக்க உதவுகிறது. திறப்பு குறுகல் என்பதால் உதட்டின் சிறு தளர்ச்சி சுருதியில் பெரிதாகத் தெரியாது. சோர்ந்துபோன உதட்டையும் அது ஓரளவு மன்னிக்கும். சபைகூடல் வெயிலில் அரைமணி நேரம் நின்றுவிட்டு வாசிக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த மன்னிப்பு தேவை.

பி45-இல் அதே பிள்ளை நெகாராகூ வாசித்தால், தொடக்கச் சுரம் அகலமாகவும் நிறைவாகவும் வரும். தனியாகக் கேட்டால் 'ஆஹா' என்போம். நான்காவது நீண்ட சுரத்தில் உதடு தளரும், சுருதி கீழே சரியும். அதைச் சமாளிக்கப் பிள்ளை பல்லைக் கடிக்கும். கடித்தால் ரீடு அழுந்தி ஒலி மெலியும், கீச்சொலி கிளம்பும். இருபது பேரில் நால்வர் பி45-உம் மற்றவர்கள் 4சி-யும் வைத்திருந்தால், அந்த நால்வரின் ஒலி வரிசையை விட்டு வெளியே துருத்தி நிற்கும். முதல் சோதனையில் வெற்றி 4சி-க்கே.

இரண்டாம் சோதனை: தோடி

தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ரிஷபத்தின் பக்கம் இறங்கி மத்யமத்தின் பக்கம் ஏறி அசைந்தால்தான் அது தோடி. நாகஸ்வரத்தில் டி.என். ராஜரத்தினம் பிள்ளை எழுப்பிய தோடியைக் கேட்டு வளர்ந்த காது, கிளாரினெட்டிலும் அந்த அசைவைத் தேடும். நேராக வாசித்த காந்தாரம் அந்தக் காதுக்கு வெறும் சுரம்.

கிளாரினெட்டுக்கு இது புதிய வேலையல்ல. 19-ஆம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரிகளின் சின்ன மேளத்தில் முகவீணை இருந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்துவிட்டது. 20-ஆம் நூற்றாண்டில் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிலைநாட்டியவர் திருச்சி ஏ.கே.சி. நடராஜன்; 2008-இல் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அவர் நாகஸ்வரமும் கற்றவர் என்பது நம் ஒப்பீட்டுக்கு முக்கியம். சுரத்தை அசைக்கும் கமகத்தை உதட்டாலும் மூச்சாலும் செய்யும் பழக்கம் அவருக்கு அந்த வழியாகவும் வந்தது.

தமிழகத்து வித்வான்கள் பெரும்பாலும் விரும்பியது ஆல்பர்ட் முறைக் கிளாரினெட்டை. பிரஸ்ஸல்ஸ் நகரத்து யூஜின் ஆல்பர்ட்டின் பெயர் தாங்கிய அந்த முறையில் துளைகளைச் சுற்றியுள்ள உலோக வளையங்கள் குறைவு. விரல் துளையின் மேல் மெல்ல நழுவலாம், துளையைப் பாதி மூடிப் பாதி திறக்கலாம். காந்தாரத்தின் அசைவில் பெரும் பங்கை விரலே செய்துவிடும்.

மலேசியப் பள்ளிக் குழுக்களில் இருப்பது போம் முறை. பாரிசில் குளோசேயும் புஃபேயும் சேர்ந்து உருவாக்கி 1844-இல் காப்புரிமை பெற்றது. வேகமான சுர வரிசைகளுக்கு அது அருமையானது. ஆனால் விரலை நழுவவிட்டால் வளையம் மேலெழும்பி, எங்கோ வேறொரு துளையை மூடும் மெத்தை சட்டென்று திறந்துகொள்ளும். சுரம் வழுக்காமல் தாவும். விரல் செய்ய வேண்டிய கமகத்தில் ஒரு பகுதி உதட்டின் மேல் விழுகிறது. உதடு அதைச் செய்ய மவுத்பீஸில் இடம் வேண்டும். சிலிபினிலிருந்து தோடி வாசிக்க முயலும் மாணவருக்கு மவுத்பீஸ் தேர்வு திருச்சி மாணவருக்கு இருப்பதைவிடக் கனமான முடிவாவது இதனால்தான்.

உதட்டுக்கு ஓர் எல்லையும் உண்டு. கிளாரினெட்டில் அது சுருதியை இறக்கும். ஏற்றுவது மிகக் கொஞ்சம். மேல் ஸ்தாயியில் தேர்ந்தவர் ஒரு முழுச் சுரத்துக்கும் மேலாக இறக்கலாம். அடி ஸ்தாயியில் அரைச் சுரம் இறக்குவதே பெரும்பாடு. 1924-இல் கெர்ஷ்வினின் 'ராப்சோடி இன் புளூ' தொடக்கத்தில் ராஸ் கோர்மன் என்ற கிளாரினெட் கலைஞர் மேல்நோக்கி வழுக்கிச் சென்றது உலகப் புகழ்பெற்றது. அந்த வழுக்கலின் மேற்பகுதியில் வேலை செய்வது, தாழ்த்திப் பிடித்த உதட்டையும் தொண்டையையும் மெல்ல உயர்த்தும் வித்தை. தோடிக்கும் அதே வித்தைதான், வேறு கணக்கில். விரல் படிகளை வைக்கிறது; படிகளுக்கு இடைப்பட்ட சரிவை உதடு போடுகிறது.

4சி-யில் அந்தச் சரிவு சீக்கிரம் தீர்ந்துவிடும். உதட்டைத் தளர்த்தினால் சுருதி சற்று இறங்கும். இன்னும் தளர்த்தினால் ஒலியே அறுந்துபோகும். காந்தாரம் அசையும், ஆனால் ஒடுங்கிய அசைவாக. பி45-இல் அரை எண் மெல்லிய ரீடோடு அதே முயற்சி செய்தால், ஒலி அறுவதற்கு முன் இறங்கக்கூடிய தூரம் தெளிவாகக் கூடுகிறது. இறங்கும்போது தொனியின் நிறமும் மாறுகிறது; நாகஸ்வரக் காதுக்குப் பிடிப்பது அந்த நிறமாற்றம்தான். கிளெஸ்மர், ஜாஸ் கலைஞர்கள் அகலத் திறப்பையும் மெல்லிய ரீடையும் நாடுவதும், ஜெர்மானிய மரபினர் குறுகிய திறப்பும் நீண்ட வளைவும் கொண்ட மவுத்பீஸில் நிலைத்த தொனியைத் தேடுவதும் இதே கணக்கின் இரு முனைகள். இரண்டாம் சோதனை பி45-க்கு.

சீவாளி சொல்லும் பாடம்

கோயிலில் நாகஸ்வரம் வாசிப்பவரிடம் மவுத்பீஸ் என்று தனியாக எதுவும் இல்லை. கெண்டையில் பொருத்திய சீவாளிதான் அவருக்கு எல்லாமும். திருவாவடுதுறைப் பக்கம் நாணல் தட்டையில் செய்யப்படும் அந்த இரட்டை நாக்கை வித்வான் ஈரப்படுத்துகிறார், விரலால் அழுத்துகிறார், ஊசியை உள்ளே விட்டு வாயைத் திறக்கிறார். வாத்தியத்தில் தொங்கும் சீவாளிகளில் இன்றைக்குப் பேசக்கூடியது எது என்று கச்சேரிக்கு முன் தேர்கிறார். முனைத் திறப்பு அவருக்கு நிலையான எண் அல்ல. ஒரே மாலையில் பலமுறை மாறுவது.

கிளாரினெட்காரருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. மவுத்பீஸின் திறப்பைத் தொழிற்சாலையில் முடிவுசெய்துவிட்டார்கள். வீட்டில் உப்புத்தாளால் தேய்த்துப் பார்ப்பது அதைப் பாழாக்கும் வழி. நாகஸ்வரக்காரர் கையால் செய்வதைக் கிளாரினெட்காரர் இரண்டு இடத்தில்தான் செய்ய முடியும்: வாங்கும்போது திறப்பைத் தேர்வது, வாசிக்கும்போது உதட்டால் அந்தத் திறப்பைச் சுருக்குவது. கவனித்தால், சுருக்கத்தான் முடியும், விரிக்க முடியாது. 1.195-ஐ உதட்டால் 1.05-இன் அருகே கொண்டுவரலாம், 1.05-ஐ 1.195 ஆக்க எந்த உதட்டாலும் ஆகாது. இந்த ஒப்பாய்வின் முடிவு இந்த ஒருபக்கச் சார்பில்தான் தங்கியிருக்கிறது.

வெயிலும் சுருதியும்

காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் குழல் வாத்தியத்தின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். ஒரு சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. குளிரூட்டிய இசை அறையில் சேர்த்த சுருதி திடல் வெயிலில் கணிசமாக ஏறி நிற்பது இதனால்தான். வாண்டோரனின் சாதாரண வரிசை மவுத்பீஸ்கள் ஐரோப்பியப் பழக்கத்தை ஒட்டி 442 ஹெர்ட்ஸ் சுருதிக்கு அமைந்தவை. 440-ஐ நோக்கி '13' என்ற தனி வரிசையை அந்த நிறுவனமே வைத்திருக்கிறது. பி45 முதல் வகையைச் சேர்ந்தது. ஏற்கெனவே சூட்டில் ஏறும் சுருதிக்கு அது இன்னும் கொஞ்சம் ஏற்றம் சேர்க்கலாம்.

மவுத்பீஸுக்கு அடுத்துள்ள 'பேரல்' துண்டைச் சற்று வெளியே இழுத்தால் சரியாகும் என்பார்கள். பாதிதான் சரியாகும். 1 மில்லிமீட்டர் இழுத்தால் அடிச்சுரங்கள் ஏறத்தாழ 3 சென்ட் இறங்கும். குழலின் சிறு பகுதி மட்டுமே ஒலிக்கும் நடுப்பகுதிச் சுரங்கள் 8 சென்ட் வரை இறங்கிவிடும். நிறைய இழுத்தால் வாத்தியத்துக்குள்ளேயே சுரங்கள் ஒன்றோடொன்று பிணங்கும். சுருதிப் பெட்டியோடு வாசிக்கும் பஜனைக் குழுவிலும் ஆர்கனோடு வாசிக்கும் ஆலயப் பாடற்குழுவிலும் இது உடனே காதில் உறுத்தும். இங்கே 4சி-க்கு ஒரு சிறு முன்னிலை உண்டு. பி45-ஐத் தேர்பவர் கொஞ்சம் இழுத்து, மீதியை உதட்டால் இறக்கப் பழக வேண்டும்.

கடையில் செய்ய வேண்டியவை

இரண்டையும் ஒரே நாளில், ஒரே கிளாரினெட்டில், ரீடைக் கட்டும் ஒரே லிகேச்சரோடு வாசித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதற்குப் பொருந்தும் எண்ணில் சற்றே பழக்கப்படுத்திய புதிய ரீடு ஒன்றையாவது கொண்டுபோக வேண்டும். முதலில் மவுத்பீஸையும் பேரலையும் மட்டும் சேர்த்து ஊதலாம். பி-பிளாட் கிளாரினெட்டில் பியானோவின் எஃப்-ஷார்ப் வர வேண்டும். அதற்கு மேலே போனால் கடிக்கிறோம், கீழே போனால் உதடு தொய்கிறது. இந்தச் சோதனை மவுத்பீஸைவிட நம்மைத்தான் அளக்கிறது. அதனாலேயே முதலில் செய்ய வேண்டியது.

பிறகு நீண்ட ஒரு சுரத்தை மெல்லத் தொடங்கி ஏற்றி இறக்கலாம், சுருதிமானியைப் பார்த்துக்கொண்டே. அடுத்து, மேல் ஸ்தாயிச் சுரம் ஒன்றை விரலை அசைக்காமல் உதட்டால் மட்டும் இறக்கி ஏற்றலாம். கடைசியாகப் பத்தடி தள்ளி யாரையாவது நிற்கவைத்துக் கேட்கச் சொல்லுங்கள். வாசிப்பவர் காதில் விழும் தொனியில் தன் பல்லும் எலும்பும் வழியாக வருவதும் கலந்திருக்கும். அகலத் திறப்பு மவுத்பீஸ் வாசிப்பவருக்கு எப்போதும் கூடுதல் கம்பீரமாகக் கேட்கும். கேட்பவருக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. பி45-இன் விலை 4சி-யைப்போலச் சில மடங்கு என்பதால், இந்தச் சோதனைகளுக்கு ஒரு மணி நேரம் செலவழிப்பது வீணல்ல.

முடிவு

இரு சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால், நல்ல மவுத்பீஸ், சாதாரண மவுத்பீஸ் என்ற வரிசை மறைந்துவிடுகிறது. 4சி சில வேலைகளை உதட்டின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு தானே செய்கிறது. பி45 அவற்றை உதட்டிடமே திருப்பிக் கொடுக்கிறது. வேலை தெரியாத உதட்டிடம் திருப்பிக் கொடுத்தால் தொனி கெடும். தெரிந்த உதட்டிடமிருந்து பறித்துக்கொண்டால் தொனி சிறுக்கும்.

எனவே தேர்வு, எந்த இசை என்பதோடு எந்த ஆண்டில் என்பதையும் பொறுத்தது. குழுவில் சேர்ந்து முதல் இரண்டு ஆண்டுகளில் 4சி-யை மாற்றுவதற்குக் காரணமே இல்லை. தொனிக் குறை வந்தால் ரீடின் எண், உதட்டின் இடம், மூச்சு ஆகியவற்றில்தான் முதலில் தேட வேண்டும். அந்தப் பருவத்தில் பி45 வாங்கித் தருவது பெற்றோரின் பணத்துக்கும் பிள்ளையின் தாடைக்கும் நஷ்டம்.

நெகாராகூவின் நீண்ட சுரங்களை 4சி-யில் சுருதி அசையாமல் வாசிக்கத் தெரிந்தபின், கீர்த்தனையோ மாதா பாடலோ சினிமாப் பாட்டோ தமிழ்க் காதுக்கு ஏற்ற வளைவோடு வாசிக்க ஆசை வந்தால், அப்போது பி45 பக்கம் போகலாம். அவ்வளவு தூரம் ஒரேயடியாகப் போக விரும்பாதவருக்கு 1.15 அளவுள்ள வாண்டோரன் எம்30 போன்ற இடைநிலைகளும் உண்டு. அப்படிப் போனபின் குழுவுக்கென்று 4சி-யையும் தனி வாசிப்புக்கென்று பி45-ஐயும் நாள்தோறும் மாற்றி மாற்றி வைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். உதடு இரண்டிலும் அரைகுறையாக நிற்கும். பி45-இலேயே நின்று, அதில் நெகாராகூவையும் நேராக வாசிக்கப் பழகுவதே வழி. அகலத் திறப்பை உதட்டால் ஒடுக்கி நிலைநிறுத்தும் பயிற்சி குழுவுக்கும் பயன்படும், தோடிக்கும் பயன்படும். குறுகிய திறப்பில் எவ்வளவு பயின்றாலும் முதலாவது மட்டுமே கைக்கு வரும்.